சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எங்களுக்கும் ஒரு பந்தல் வேணும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் மதுரையில ஏசி மெக்கானிக்கா இருக்கேன். இருபது வருஷத்துக்கு மேல இதே வேலைதான். உங்க பேப்பர்ல நாலஞ்சு நாளா நீர்மோர் பந்தல் திறப்பு போட்டோவா வந்துக்கிட்டு இருக்கு, எல்லாக் கட்சிக்காரங்களும் வியாபாரிங்க சங்கமும் போட்டி போட்டுக்கிட்டு பந்தல் போடுறாங்க, பானையில மோர், வெட்டுன தர்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு. ரொம்ப நல்ல காரியம். நானே தினம் ரெண்டு எடத்துல வண்டிய நிறுத்திக் குடிக்கிறேன், கொடுக்குற கைய மனசார கும்புட்டுட்டுத்தான் போறேன். ஆனா பாருங்க, சாயங்காலம் ஆறு மணியானா பானையக் கவுத்து வச்சிட்டு எல்லாரும் போயிர்றாங்க. என்னய மாதிரி ஆளுகளுக்கு அந்த ஆறு மணிக்கு மேலதான் தாகமே ஆரம்பிக்குது. அதப் பத்திச் சொல்லத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், முடிஞ்சா வெட்டாமப் போடுங்க.

நான் ஒரு குடிநோயாளி. 2019 ஜூலையில இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு தொடல. குடிகாரன்னு சொல்லாம ஏன் குடிநோயாளின்னு சொல்றேன்னா இது நோய்தான், உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியல்ல வச்சிருக்கு. சக்கர நோய் மாதிரி, கட்டுப்பாட்டுல வச்சுக்கலாம், முழுசாப் போயிருச்சுன்னு சொல்லவே முடியாது. இன்னிக்கு ஒரு கிளாஸ் உள்ள போச்சுன்னா பழைய எடத்துல இருந்துதான் தொடங்கும், அதுக்கும் கீழ கூடப் போகும். அத நான் அனுபவிச்சே பாத்துட்டேன்.

என் பேர் போட வேண்டாம் அய்யா. வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லல, எங்க தெருவுல, என் கஸ்டமர்ல பாதிப் பேருக்கு என் கதை தெரியும். குடிய விடணும்னு நெனைக்கிறவங்க கூடிப் பேசுற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்டிங்குக்கு நான் போறேன், அதுல ஒரு கொள்கை இருக்கு, பத்திரிகை, ரேடியோ, சினிமான்னு பொதுவெளியில உறுப்பினர் யாரும் பேர் போட்டுக்கக் கூடாது. அதே மாதிரி அந்த அமைப்பு வெளி விவகாரம் எதுலயும் கருத்து சொல்லாது, கடைய மூடு தொறன்னு எதுவும் பேசாது. அதனால இதுல நான் எழுதுறது பூரா என் சொந்தக் கருத்து.

ஏசி வேலைக்கு மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும்தான் சீசன். அக்னி நட்சத்திரம் ஓடுற அந்த இருபத்தஞ்சு நாள்ல ஒரு நாளைக்கு பத்து போன் வந்தா நாலு வேலைதான் முடிக்க முடியும். அவுட்டோர் யூனிட் எல்லாம் மொட்டமாடியிலதான் இருக்கும், மத்தியானம் ரெண்டு மணிக்கு தளத்துல முட்டி போட முடியாது, சாக்கு நனைச்சுப் போட்டு உக்காருவோம், ஸ்பேனர் அஞ்சு நிமிசம் வெயில்ல கெடந்துச்சுன்னா துணி சுத்தித்தான் எடுக்கணும். கேஸ் சார்ஜ் பண்ணிட்டு ஓட விட்டுப் பாக்குறப்ப அந்த ஃபேன்ல இருந்து வர்ற அனல் நேரா மூஞ்சியில அடிக்கும். சாயங்காலம் எறங்கி வர்றப்ப சட்டையில வேர்வை காஞ்சு உப்பு கோடு கோடா நிக்கும், நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும், பையில ரெண்டாயிரம் மூவாயிரம் காசு இருக்கும், வீட்டுல ஆள் இருக்காது.

வீட்டுல ஏன் ஆள் இல்லன்னா, ஸ்கூல் லீவு விட்ட மறுநாளே புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்காரம்மா அவங்க அம்மா ஊருக்குப் போயிருவாங்க. எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான். எங்க மீட்டிங்ல நாலு விஷயத்துல ஜாக்கிரதையா இருன்னு சொல்லித் தருவாங்க, பசி, கோவம், தனிமை, அசதி. இந்த நாலுல ஒண்ணு வந்தாலே மனசு கடைப் பக்கம் திரும்பும். மே மாசத்துல எனக்கு நாலும் ஒரே சாயங்காலத்துல வந்து நிக்கும், கூட அஞ்சாவதா தாகம்.

முதல் தடவ நான் விட்டப்ப பதினோரு மாசம் தாக்குப் பிடிச்சேன். 2019 மே மாசம், அக்னி நட்சத்திரம் முடியப் போற சமயம். ஒரு வீட்டுல மாடியில கம்ப்ரஸர் மாத்துற வேலை, மூணு மணி நேரம் வெயில்ல நின்னு முடிச்சிட்டு எறங்கினேன். வீட்டுக்காரர் நல்ல மனுசர், தங்கமான மனுசர்னு இன்னிக்கும் சொல்லுவேன். ஃப்ரிட்ஜ்ல இருந்து பாட்டில எடுத்து ரெண்டு கிளாஸ்ல ஊத்தி, "தம்பி வெயில்ல காஞ்சு வந்திருக்கீங்க, பீர்தானே, சும்மா குடிங்க"ன்னு நீட்டுறார். அந்த கிளாஸ் இப்பவும் என் கண்ணுக்குள்ளயே இருக்கு. வெளிப்பக்கம் தண்ணி முத்து முத்தாக் கோத்திருந்துச்சு, ஒரு சொட்டு மட்டும் வழிஞ்சு எறங்கி அவர் வெரல் மேல பட்டுச்சு. எனக்கு குடி ஆகாது சார்னு சொல்றதுக்கு வாய் வரல. அந்த நேரம் அதச் சொன்னா என்னய கேவலமா நெனைப்பாரோன்னு இருந்துச்சு. வாங்கிட்டேன்.

பதினோரு மாசம் அந்த ஒரு கிளாஸ்ல போச்சு. அன்னிக்கு ராத்திரியே கடைக்குப் போனேன். அதுக்கப்புறம் நாப்பது நாளுக்கு மேல என்ன நடந்துச்சுன்னு கோர்வையாச் சொல்லத் தெரியல, வேக்கம் பம்ப்பையும் கேஜ் செட்டையும் அடகு வச்சது ஞாபகம் இருக்கு, சீசன்ல ஒரு மெக்கானிக் அத வச்சா அவன் கதை என்னன்னு நீங்களே புரிஞ்சுக்கலாம். வீட்டுக்காரம்மா லீவு முடிஞ்சு வந்து கதவத் தொறந்தப்ப நான் நடையிலயே கெடந்திருக்கேன். என் பெரிய மக அப்ப ஒம்பதாவது படிச்சுக்கிட்டு இருந்தா. அவ ஒண்ணும் பேசல, பையக் கீழ வச்சிட்டு தண்ணி எடுத்துட்டு வந்து என் மூஞ்சியத் தொடச்சு விட்டா.

பீர்தானேன்னு சொல்றாங்களே, அதப் பத்தி ஒரு வார்த்த சொல்லிர்றேன், ஏன்னா வெயில் காலத்துல நெறைய பேரு பீர குடியாவே நெனைக்கிறதில்ல, கூல் டிரிங்க்ஸ் கணக்குல சேத்துர்றாங்க. ஸ்ட்ராங் பீர்ல எட்டு சதவீதம் வரைக்கும் ஆல்கஹால் இருக்கும். ஒரு பாட்டில் 650 மில்லி, கணக்குப் பண்ணுங்க, 52 மில்லி சுத்தமான ஆல்கஹால் வருது. ஒரு குவாட்டர் 180 மில்லி, அதுல 42.8 சதவீதம், கணக்குப் போட்டா 77 மில்லி. அதாவது ஒரு ஸ்ட்ராங் பீருங்கிறது குவாட்டர்ல மூணுல ரெண்டு பங்கு. அது உடம்பச் சில்லுன்னு ஆக்கும்ங்கிறதும் பொய். ஒண்ணுக்கு அதிகம் போகாம தண்ணியப் பிடிச்சு வைக்கிற ஒரு ஹார்மோன் நம்ம உடம்புல இருக்கு, ஆல்கஹால் அத அமுக்கிப் போட்டுரும். வழக்கத்த விட அதிகமா ஒண்ணுக்குப் போகும். வேர்த்துக் காஞ்ச உடம்புல இருக்குற மிச்சத் தண்ணியும் போனா மறுநாள் மாடி ஏறுறப்ப தல சுத்தி விழாம என்ன பண்ணும்? எங்க தொழில்ல அப்படி விழுந்தவங்கள எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில பத்து நாள் இருந்து, ட்ரிப்பு, வைட்டமின் ஊசி எல்லாம் போட்டு எந்திரிச்சு வந்தப்புறம் என்னயத் தூக்கி நிறுத்தினது மீட்டிங்தான். மீட்டிங்னா என்னமோன்னு நெனைச்சுராதீங்க. ஒரு ரூம், இருபது சேர், ஒரு மேசை, ஒரு ஃபேன், ஃபிளாஸ்க்ல டீ. ஒருத்தர் எந்திரிச்சு தன் பேரச் சொல்லி நான் ஒரு குடிநோயாளின்னு ஆரம்பிச்சு தன் கதையச் சொல்லுவார், மத்தவங்க குறுக்க பேசாமக் கேப்போம். அட்வைஸ் கிடையாது. ஃபீஸ் கிடையாது. குடிய விடணும்ங்கிற ஆச ஒண்ணு இருந்தாப் போதும், சாதி மதம் படிப்பு எதுவும் கேக்க மாட்டாங்க, எங்க ரூம்ல பேங்க் மேனேஜரும் இருக்கார், மூட்ட தூக்குற அண்ணனும் இருக்கார். 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கிற ஊர்ல ஒரு ஷேர் புரோக்கரும் ஒரு டாக்டரும், ரெண்டு பேருமே குடியில அழிஞ்சவங்க, ஒக்காந்து பேச ஆரம்பிச்சது. இந்தியாவுக்கு 1957ல வந்துச்சுன்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. குடிச்சவன் குடிச்சவன்கிட்ட பேசுறது, அவ்வளவுதான் விஷயம், ஆனா என் அம்மா அழுது சத்தியம் வாங்கினப்ப நடக்காதது அந்த ரூம்ல நடந்துச்சு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். அந்த ரூம் ஒரு ஸ்கூலோட கிளாஸ் ரூம். நல்ல மனசுல கொடுத்தாங்க, மாசாமாசம் டப்பாவுல விழுற பத்து இருபதச் சேத்து எங்களால முடிஞ்ச வாடகையக் கட்டிருவோம், இனாம் வாங்குறதும் எங்க வழக்கமில்ல, வெளிய யார்கிட்டயும் நன்கொடை வாங்கக் கூடாதுன்னே எங்களுக்கு ஒரு கொள்கை உண்டு. ஆனா மே மாசம் ஸ்கூல் லீவு. கேட்டப் பூட்டிருவாங்க. பெயின்ட் அடிப்பாங்க, பெஞ்சு ரிப்பேர் பண்ணுவாங்க, வாட்ச்மேனும் ஊருக்குப் போயிருவார். அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. பாக்கி பதினோரு மாசம் கொடுக்குறாங்களே. ஆனா வருஷத்துல எங்களுக்கு ரூம் ரொம்ப வேணும்னு இருக்குற மாசம் எதுவோ அதே மாசத்துல கதவு பூட்டிக் கெடக்குது. மத்த ஊர்ல ஸ்கூல்ல மீட்டிங் நடத்துறவங்களும் இதயே சொல்றாங்க. சர்ச் ஹால்ல நடத்துறவங்களுக்கு லீவுல சின்னப் புள்ளைங்க கிளாஸ் வந்துரும். கல்யாண மண்டபம்னா வைகாசி முகூர்த்தம்.

ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி மே மாசம் ஒரு நாள், எனக்கு ஒரு போன். நான் மாடியில இருக்கேன், ஒரு கையில ஃப்ளேர் நட்டப் பிடிச்சிருக்கேன், விட்டா கேஸ் பூரா போயிரும், எடுக்க முடியல. அரை மணி நேரம் கழிச்சு கூப்பிட்டா ரிங் போய்க்கிட்டே இருக்கு. போன் பண்ணினவர் சென்ட்ரிங் வேலை பாக்குறவர், எங்க ஆள் ஒருத்தர் என் நம்பரையும் ஸ்கூல் அட்ரஸையும் எழுதிக் கொடுத்திருக்கார். அன்னிக்கு ஏழு மணிக்கு அந்த மனுசன் ஸ்கூல் வாசலுக்கு வந்திருக்கார். நாங்க அந்த வாரம் பக்கத்து பார்க்ல ஒக்காந்திருந்தோம், கேட்ல பேப்பர் ஒட்டித்தான் வச்சிருந்தோம், காத்துல பிஞ்சு போச்சோ என்னமோ. சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கு, அத பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னேண்ணேன்னு பின்னாடி அவர் என்கிட்ட சொன்னப்ப எனக்கு நெஞ்ச அறுத்துருச்சு. குடிச்சிட்டுப் போகலயாம் அன்னிக்கு. வீட்டுக்குப் போயி, சரி நம்மளே நிறுத்திப் பாப்போம்னு வைராக்கியமா கதவச் சாத்திக்கிட்டுப் படுத்துட்டார்.

தினம் குடிக்கிற ஆளு திடீர்னு நிறுத்துறது ஆபத்து அய்யா. இத உங்க பேப்பர்ல பெரிய எழுத்துல போட்டாலும் தகும். நிறுத்தின ஆறு மணி நேரத்துலயே கை நடுக்கம், வேர்வை, படபடப்பு ஆரம்பிக்கும், முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள் ஆச்சுன்னா சில பேருக்கு புத்தி தடுமாறி இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதுல கேக்கும், அது உயிருக்கே ஆபத்து. அவருக்கு ரெண்டாம் நாள் வலிப்பு வந்துருச்சு. வீட்டுல வெயில் தாக்கிருச்சுன்னு நெனைச்சு தல நெறைய தண்ணி ஊத்தியிருக்காங்க, சாவிக்கொத்த கையில திணிச்சிருக்காங்க, ஒரு பெரியம்மா காத்துக் கருப்புன்னு வேப்பிலை எடுத்துட்டு வந்திருக்கு. நல்ல வேளை, எதுத்த வீட்டுப் பையன் ஆட்டோவுல போட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டான். ஜூன்ல ஸ்கூல் தொறந்த வாரம் மீட்டிங்குக்கு வந்தார், பேச முடியல, வலிப்புல நாக்கக் கடிச்சுத் தையல் போட்டிருந்துச்சு. மீட்டிங்ல தன் கதையச் சொல்றத ஷேரிங்னு சொல்லுவோம், அன்னிக்கு அவர் ஷேரிங் என்னன்னா, எந்திரிச்சு நின்னு கும்பிட்டார். அவ்வளவுதான். இன்னிக்கு நல்லா இருக்கார், டீ போடுற பொறுப்பு இப்ப அவரோடது.

கதவு தொறந்திருந்தா அன்னிக்கே யாராவது ஒருத்தர் அவர கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்போம். எங்கள்ல பாதிப் பேருக்கு இந்த வழி அத்துப்படி. முதல்ல டாக்டர், மாத்திரையோட அஞ்சு நாளோ ஏழு நாளோ உடம்ப எறக்கி வைக்கணும், அப்புறம்தான் மீட்டிங்.

கடைய மூடினா எல்லாம் சரியாயிரும்னு சொல்றவங்களுக்கும் இதத்தான் சொல்லுவேன். நான் மதுவிலக்கு வேணும்னு நெனைக்கிறவன்தான். 2016ல 500 கடை, 2017ல 500 கடை, 2023ல 500 கடைன்னு மூடினாங்க, மூடின கடை மூடினதுதான், அதுல எனக்கு சந்தோசம். ஆனா 2020 ஊரடங்குல எல்லாக் கடையும் ஒரே நாள்ல அடைச்சப்ப என்ன ஆச்சு, வார்னிஷையும் ஷேவிங் லோஷனையும் குடிச்சு நம்ம தமிழ்நாட்டுலயே ஆளுங்க செத்தாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்தத குடிச்சு அறுபது பேருக்கு மேல போனாங்க. அந்தத் தாகத்துக்கு வைத்தியம் வேணும், ஒக்காந்து பேச எடம் வேணும். கடை மத்தியானம் பன்னெண்டுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் தொறந்திருக்கு, எல்லா ஏரியாவுலயும் இருக்கு. எங்களுக்கு அந்தப் பத்து மணி நேரத்துல ஒன்றரை மணி நேரம் ஒரு ரூம் தொறந்து இருந்தாப் போதும்.

இன்னொரு சமாச்சாரம், இது பத்திரிகைக்காரங்களுக்கே. குடிக்கிறவருக்குத் தெரியாமலே குடிய நிறுத்தலாம், சாப்பாட்டுல கலந்து கொடுங்கன்னு பவுடர் விளம்பரம் சில பேப்பர்லயும் செவத்துலயும் வருது. என் அம்மாவே ஒரு தடவ வாங்கி சாம்பார்ல கலந்துச்சு, பெத்த மனசு, என்ன பண்ணும். அதுல என்ன இருந்துச்சோ. டாக்டர் கொடுக்குற மாத்திரையில டைசல்ஃபிரம்னு ஒண்ணு இருக்கு, அதப் போட்டுட்டு குடிச்சா மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி எடுத்து, பிரஷர் எறங்கி ஆளு விழுந்துருவான், உயிரும் போகலாம். நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும் அது உடம்புல வேலை செய்யும். தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் பார்வையில சாப்பிட்டா அது ஒரு வேலி. தெரியாமக் கலந்து கொடுத்தா வெஷம். இந்த மாதிரி விளம்பரத்த எந்தப் பேப்பரும் வாங்கக் கூடாதுன்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன்.

அந்த மாத்திரை சாப்பிடுற எங்க ஆளுகளுக்கு வெயில் காலத்துல பதநீர் விஷயத்துல கூட கவனம் வேணும். பதநீரும் கள்ளும் ஒரே பாளையில இருந்து வர்றதுதான், கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருந்தா பதநீர், தடவலன்னா புளிச்சுக் கள்ளாயிரும். நான் காலையில எட்டு மணிக்கு முன்னாடி சைக்கிள்ல வர்ற பெரியவர்கிட்ட மட்டும்தான் வாங்குவேன், வெயில் ஏறினப்புறம் தொட மாட்டேன். மொத தடவ அவர்கிட்ட, "அய்யா எனக்கு குடி ஆகாது, சுண்ணாம்பு சரியா இருக்கா"ன்னு கேட்டேன். அவர் ஒண்ணும் கேக்கல, பனையோலைய மடிச்சுப் பட்டை பிடிச்சு முதல்ல தான் ஒரு மடக்குக் குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் எனக்கு ஊத்தினார். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான், நான் போனா முதல்ல அவர் ருசி பாப்பார்.

நான் எப்படி சீசன ஓட்டுறேன்னு கேட்டா, பதினோரு மணிக்கு கம்பங்கூழ், உப்பு தூக்கலாப் போட்டு. மத்தியானம் என்ன வேலையா இருந்தாலும் பன்னெண்டரைக்குச் சோறு, பசியோட மாடி ஏற மாட்டேன். கஸ்டமர் காசு கொடுக்குறதுக்கு வீட்டுக்காரம்மாவோட ஜிபே நம்பரக் கொடுத்துருவேன், பையில நூறு ரூவாய்க்கு மேல இருக்காது. கடை இருக்குற ரோட்ட விட்டு ஒன்றரை கிலோமீட்டர் சுத்தித்தான் வீட்டுக்குப் போவேன், பெட்ரோல் போனாப் போகுது. வேலை முடிஞ்ச கையோட பருத்திப்பால் கடை, ஒரு டம்ளர் சூடா உள்ள போச்சுன்னா வயிறு நெறஞ்சு அந்தப் பறப்பு அடங்கும். வெயில்ல போயி சூடா எதுக்குன்னு கேப்பாங்க, சில்லுன்னு கிளாஸ்ல எது குடிச்சாலும் எனக்கு அந்தப் பழைய கிளாஸ் ஞாபகம் வரும், அதான். லீவுக்கு ஊருக்குப் போறத வீட்டுக்காரம்மா ஒரு வாரமாக் கொறச்சுக்கிட்டாங்க, அந்த ஒரு வாரமும் நான் ராத்திரி எங்க வீட்டுல படுக்க மாட்டேன், என் ஸ்பான்சர் அண்ணன் வீட்டுத் திண்ணையிலதான். ஸ்பான்சர்னா எனக்கு முன்னாடியே குடிய விட்டு எனக்கு வழி சொல்ற மூத்தவர். அவருக்கு எழுபது வயசு ஆகப் போகுது, நான் ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஒக்காந்தா அவரும் எந்திரிச்சு ஒக்காந்துக்குவார்.

சித்திரை, வைகாசி விசேஷம் இன்னும் ஒரு பெரிய கண்டம். அழகர் எறங்குற அன்னிக்கு ஊரே ரோட்டுல இருக்கும், தண்ணி பீச்சுறவங்க, பானகம் கொடுக்குறவங்க, அந்தக் கூட்டத்துல எனக்கு எந்தப் பயமும் இல்ல, அதுல நின்னா மனசு நெறையும். பயம் எல்லாம் சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துலதான். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி லாட்ஜ்ல ஒரு ரூம் தனியாப் போட்டிருப்பாங்க. "ஒரு நாள்தானே மாப்ள, என் மக கல்யாணத்துக்கு கூட தொட மாட்டியா"ன்னு பாசத்துல இழுக்குறவங்கதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டம், ஏன்னா அவங்கள எதுத்துப் பேச முடியாது. நான் இப்ப காலையில முகூர்த்தத்துக்குத்தான் போறேன், மொய் எழுதி சாப்பிட்டு வந்துருவேன். ஒரு மச்சான் மூணு வருஷமாப் பேசல. பேசுவார், பொறுத்துக்கறேன். இத படிக்கிறவங்ககிட்ட கேட்டுக்கறது ஒண்ணுதான், ஒருத்தன் வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேக்காதீங்க, ரெண்டாவது தடவ நீட்டாதீங்க. வேலைக்கு வர்ற பிளம்பர், பெயின்டர், எங்கள மாதிரி மெக்கானிக் யாரா இருந்தாலும் ஒரு செம்பு மோர் கொடுங்க. அந்தச் செம்புக்கு நான் பட்ட கடன் எத்தனையோ வீட்டுல இருக்கு.

பொம்பளைங்க இருக்காங்க, அவங்களப் பத்தி யாருமே எழுதுறதில்ல. குடிக்கிறவன் வீட்டு ஆளுங்களுக்குன்னு அல்-அனான் மீட்டிங் இருக்கு, என் வீட்டுக்காரம்மா அதுக்குப் போய்த்தான் என்னயத் திட்டுறதயும் எனக்காகப் பொய் சொல்றதயும் ரெண்டயும் நிறுத்தினாங்க, அதுக்கப்புறம்தான் நான் திருந்தவே ஆரம்பிச்சேன். சென்னையில டி.டி.கே. ஆஸ்பத்திரிய 1980ல ஆரம்பிச்ச சாந்தி ரங்கநாதன் அம்மா, தன் வீட்டுக்காரர குடியில பறிகொடுத்தவங்க, அந்தத் துக்கத்த வச்சுக்கிட்டு ஒக்காராம எத்தனை ஆயிரம் குடும்பத்துக்கு வழி காட்டியிருக்காங்க. குடிக்குள்ள மாட்டிக்கிட்ட பொம்பளைங்களும் உண்டு, அவங்களுக்கு வெக்கம் பத்து மடங்கு, அவங்களால எங்க ரூமுக்குக் கூட லேசுல வர முடியறதில்ல. ஸ்கூல் வாசல்லயே வர முடியாதவங்க பார்க் பெஞ்சுக்கு வருவாங்களா?

அதனால நான் கேக்குறது இதுதான். ஏப்ரல்ல இருந்து ஜூன் முதல் வாரம் வரைக்கும், சாயங்காலம் ஏழுல இருந்து எட்டரை வரைக்கும், ஒரு ரூம். மாநகராட்சி சமுதாயக் கூடமா இருக்கலாம், வார்டு ஆபீஸ் மாடியா இருக்கலாம், நூலகத்துல ஒரு மூலையா இருக்கலாம், சாயங்காலம் சும்மா கெடக்குற டியூஷன் சென்டரா இருக்கலாம். ஃபேன் வேணும், கதவு வேணும், உள்ள பேசுறது வெளிய கேக்கக் கூடாது. வாடகை தர்றோம், கூட்டிப் பெருக்கி வச்சிட்டுப் போவோம். நீர்மோர் பந்தல் போடுற பெரியவங்க நெனைச்சா இது ஒரு போன்ல முடியற காரியம்.

உங்ககிட்ட கேக்குறது, தெனம் வெப்பநிலை போடுறீங்கள்ல, அந்தப் பெட்டிக்குக் கீழ ரெண்டு வரி எடம். 14446, இது போதை மீட்புக்கு மத்திய அரசோட இலவச நம்பர். 14416, டெலி மனசு, மனநல ஆலோசனைக்கு, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். 104, நம்ம ஊர் மருத்துவ ஆலோசனை நம்பர். அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுலயே குடிக்கு சிகிச்ச உண்டு, 2025ல கலங்கரைன்னு 25 மையம் வேற தொறந்திருக்காங்க, காசு கெடயாதுன்னு நெறைய பேருக்குத் தெரியல, தெரியாம வட்டிக்கு வாங்கி எவனோ ஒருத்தன் நடத்துற இல்லத்துல கொண்டு போயி விடுறாங்க. தனியார் இல்லம்னா அரசு மனநல ஆணையத்துல பதிவு இருக்கான்னு பேப்பரக் கேட்டுப் பாத்துட்டுச் சேருங்க, சங்கிலி போட்டாலோ அடிச்சாலோ அது வைத்தியம் கெடயாது, நான் அந்த அடியும் வாங்கினவன்.

இந்த வருஷமும் கேட்டப் பூட்டிட்டாங்க. ரூம் கெடைக்கிற வரைக்கும் ஸ்கூலுக்குப் பக்கத்து பார்க்ல, உள்ள போனதும் வலது பக்கம் புங்க மரத்துக்குக் கீழ வட்டமா ஒக்காந்திருப்போம். தெரு லைட் வெளிச்சம் கொஞ்சம் கம்மி, ஆனா ஆளத் தெரியும். இந்தத் தடவ கேட்ல பேப்பர் மட்டும் ஒட்டல, ஏழுல இருந்து எட்டு மணி வரைக்கும் அந்த சென்ட்ரிங் அண்ணனே வாசல்ல நிக்கிறேன்னு சொல்லிட்டார், சங்கிலியப் பிடிச்சுக்கிட்டு யாராவது நின்னா கூட்டிட்டு வர்றதுக்கு.

இப்படிக்கு,
ஒரு ஏசி மெக்கானிக்,
மதுரை.